ஆர்ம்64-க்கு டெபியன் சோர்ஸ் பேக்கேஜ் க்ராஸ் பில்ட்: கம்பைலர் தயார், பில்ட் மட்டும் நகர மாட்டேன் என்கிறது

அரைபைட்:

எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப் ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலி வகை), டெபியன் 13 லினக்ஸ். கைவசம் உள்ள சின்ன கணினி போர்டு ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் செயலி), அதிலும் டெபியன் 13 தான். டெபியன் தரும் ஒரு சோர்ஸ் பேக்கேஜில் சின்னதாக ஒரு பேட்ச் சேர்த்து, போர்டில் போட டெப் ஃபைல் உருவாக்க வேண்டும். போர்டிலேயே பில்ட் செய்யலாம் என்றால் அதன் ராம் 1 ஜிபி. பெரிய சி++ ஃபைல் ஒன்று வந்ததும் மெமரி தீர்ந்து, கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடுகிறது.

அதனால் லேப்டாப்பில் க்ராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஆர்ம்64 (க்ராஸ் பில்டுக்கு, அதாவது ஒரு வகை மெஷினில் இருந்து வேறு வகை மெஷினுக்குக் கட்ட, வேண்டிய கம்பைலர் தொகுப்பு) போட்டேன். தனியாக ஒரு சி ஃபைலை கம்பைல் செய்து போர்டுக்கு அனுப்பினால் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் சோர்ஸ் டைரக்டரிக்குள் போய் பேக்கேஜ் கட்டும் கட்டளையான டிபிகேஜி-பில்ட்பேக்கேஜிடம் ஆர்ம்64 என்று சொன்னால், பில்ட் டிபெண்டன்சி (பில்டுக்குத் தேவையான பிற பேக்கேஜ்கள்) இல்லை என்று நீளமாக ஒரு பட்டியலைக் காட்டுகிறது. அதில் உள்ள அத்தனையும் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கிறது! அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஓட்டினால், கான்ஃபிகர் கட்டத்திலேயே லைப்ரரியைக் காணோம் என்று நிற்கிறது. எங்கே இடிக்கிறது?

தறிக்காரன்:

பட்டியலில் உள்ளவை உங்களிடம் ஏஎம்டி64-க்கு இருக்கின்றன. நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு வேண்டியது ஆர்ம்64 லைப்ரரி. ஒற்றை சி ஃபைலுக்கு சி லைப்ரரி மட்டும் போதும், அது க்ராஸ்பில்ட்-எசென்ஷியலோடு வந்துவிட்டது. அதனால்தான் அது ஓடியது.

டிபிகேஜிக்கு ஆட்-ஆர்க்கிடெக்சர் கொடுத்து ஆர்ம்64-ஐச் சேருங்கள், ஆப்ட் அப்டேட் ஓட்டுங்கள். அப்புறம் சோர்ஸ் டைரக்டரிக்குள் இருந்தபடியே ஆப்ட் பில்ட்-டெப்பை ஆர்ம்64-க்கு என்று சொல்லி ஓட்டுங்கள். 2013-இல் வந்த டெபியன் 7 முதல் மல்டிஆர்ச் (ஒரே மெஷினில் பல ஆர்க்கிடெக்சர்களின் பேக்கேஜ்களை வைக்கும்) வசதி இருக்கிறது. ஆர்ம்64 லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லிப்/ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்ற தனி டைரக்டரிக்குள் போய் உட்காரும், ஏஎம்டி64 லைப்ரரிகளோடு மோதாது.

ஆவணங்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பில்ட் என்றால் கம்பைல் நடக்கும் மெஷின், ஹோஸ்ட் என்றால் விளைந்த நிரல் ஓடப்போகும் மெஷின். உங்கள் விஷயத்தில் ஹோஸ்ட் என்பது போர்டு. டார்கெட் என்ற மூன்றாவது, கம்பைலர் போன்றவற்றையே பில்ட் செய்கிறவர்களுக்குத்தான் தேவை. மற்றவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

சும்மாஇரு:

இத்தனை பாடு எதற்கு? க்யூஎமு-யூசர் (வேறு செயலியின் நிரலை ஓட்டும் எமுலேட்டர்) போடுங்கள், டெபூட்ஸ்ட்ராப்பால் ஆர்ம்64 க்ரூட் (தனி டைரக்டரிக்குள் ஒரு முழு டெபியன்) ஒன்று உருவாக்குங்கள், உள்ளே போய் சாதாரணமாக பில்ட் செய்யுங்கள். கெர்னலின் பின்எஃப்எம்டி-மிஸ்க், ஆர்ம்64 நிரல் எது வந்தாலும் தானாக க்யூஎமு கையில் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் பேக்கேஜுக்குத் தான் வேறு மெஷினில் இருப்பதே தெரியாது. டெஸ்ட்டும் ஓடும். க்ராஸ் என்ற பேச்சே இல்லை.

தறிக்காரன்:

ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சின்ன பேக்கேஜ் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே கம்பைலரும் எமுலேஷனில்தான் ஓடுகிறது. நிஜ செயலியில் சில நிமிடத்தில் முடியும் சி++ பில்ட் அங்கே மணிக்கணக்கில் இழுக்கும். பேட்ச்சைத் திருத்தித் திருத்திப் பார்க்கிறவருக்கு அது சரிப்படாது. தவிர க்யூஎமு-யூசரில் பீட்ரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்கும் வசதி) கிடையாது, ஜிடிபி டீபக்கரை நம்பியிருக்கும் டெஸ்ட்கள் அங்கே விழும். அது எமுலேட்டரின் குறையா பேக்கேஜின் குறையா என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கம்பைலர் நேட்டிவ் வேகத்தில் ஓட வேண்டும், டெஸ்ட் மட்டும் போர்டில் ஓடினால் போதும் என்றால் க்ராஸ்தான் வழி.

அரைபைட்:

நன்றி அண்ணா. ஆர்க்கிடெக்சர் சேர்த்தாயிற்று. பில்ட்-டெப் ஓட்டினால் இப்போது வேறு தகராறு. டாக்குமென்ட் தயாரிக்கும் பைத்தான் பேக்கேஜ் ஒன்றை ஆர்ம்64-க்குக் கேட்கிறது, அப்படி ஒன்று இல்லை என்று அதுவே சொல்கிறது. இன்னொரு பக்கம், லேப்டாப்பில் உள்ள சில டெவ் பேக்கேஜ்களை நீக்கப் போகிறேன், சரியா என்று கேட்கிறது. பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தறிக்காரன்:

நல்ல வேளை, இல்லை என்றீர்கள். க்ராஸ் பில்டின் பாதி வேலை நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டிபெண்டன்சி பட்டியலில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. நிரலோடு இணையப் போகும் லைப்ரரிகள் ஹோஸ்டுக்கு வேண்டும், அதாவது ஆர்ம்64. பில்டின்போது ஓட்டப்படும் கருவிகள் (பைசன், மீசான், டாக்குமென்ட் கருவிகள்) லேப்டாப்பில் ஓட வேண்டும், அதாவது ஏஎம்டி64. சோர்ஸில் உள்ள கன்ட்ரோல் ஃபைல் இரண்டையும் ஒரே பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில்தான் எழுதிவைத்திருக்கிறது. எது எந்தப் பக்கம் என்பதை ஆப்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு பேக்கேஜிலும் உள்ள மல்டி-ஆர்ச் என்ற புலத்தைப் பார்த்துத்தான். அதில் சேம் என்றிருந்தால் இரண்டு ஆர்க்கிடெக்சரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், லைப்ரரிகள் அப்படி. ஃபாரின் என்றிருந்தால் எந்த ஆர்க்கிடெக்சரில் இருந்தாலும் தேவை நிறைவேறியதாக வைத்துக்கொள்ளலாம், கருவிகள் அப்படி. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் ஆப்ட் ஹோஸ்ட் ஆர்க்கிடெக்சரில்தான் கேட்கும்.

உங்கள் பைத்தான் பேக்கேஜில் நடந்தது அதுதான். அதைப்போல் ஆல் என்று குறிக்கப்பட்ட பேக்கேஜுக்கு ஆர்க்கிடெக்சர் பேதமே கிடையாதே என்று தோன்றும். ஆனால் ஃபாரின் என்ற குறி இல்லாவிட்டால் ஆல் பேக்கேஜும் லேப்டாப்பின் ஆர்க்கிடெக்சர் கணக்கில்தான் சேரும், ஆர்ம்64 தேவைக்கு அது உதவாது. சரியான தீர்வு அந்தப் பேக்கேஜில் குறியைச் சேர்ப்பது, அல்லது உங்கள் கன்ட்ரோல் ஃபைலில் அந்தப் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து நேட்டிவ் என்று எழுதுவது. (ஆல் பேக்கேஜுக்கு இந்த நேட்டிவ் வேலை செய்யாத சந்தர்ப்பமும் உண்டு, அதனால் முதலில் குறியைப் பாருங்கள்.)

உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது. பில்ட்-டெப்புக்கு ஆர்ச்-ஒன்லி கொடுங்கள், டிபிகேஜி-பில்ட்பேக்கேஜுக்குப் பெரிய பி ஆப்ஷன் கொடுங்கள். ஆர்க்கிடெக்சர் சார்ந்த பேக்கேஜ்கள் மட்டும் பில்ட் ஆகும். டாக்குமென்ட் பேக்கேஜை எந்த மெஷினில் பில்ட் செய்தாலும் ஒன்றுதான், அதை க்ராஸ் செய்ய ஒரு காரணமும் இல்லை. கூடவே க்ராஸ், நோசெக் என்ற இரண்டு பில்ட் ப்ரொஃபைலையும் கொடுத்தால் டெஸ்டுக்கு மட்டும் தேவையான டிபெண்டன்சிகள் உதிர்ந்துவிடும். டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ் என்ற மாறியிலும் நோசெக் வையுங்கள். ப்ரொஃபைல் டிபெண்டன்சியைக் குறைக்கும், டெஸ்ட் ஓடாமல் தடுப்பது அந்த மாறி.

டெவ் பேக்கேஜ் நீக்கும் விஷயம்: சேம் குறி இல்லாத டெவ் பேக்கேஜ்கள் இரண்டு ஆர்க்கிடெக்சரில் ஒன்றாக இருக்க முடியாது, ஒன்று வந்தால் மற்றது போகும். தினசரி வேலை செய்யும் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள். பேக்கேஜைத் தனி க்ரூட்டுக்குள் கட்டும் எஸ்பில்ட் என்ற கருவி இருக்கிறது. ஹோஸ்ட் ஆர்ம்64 என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் சுத்தமான க்ரூட்டில் க்ராஸ் கம்பைலரை அதுவே போட்டு, மேலே சொன்ன இரண்டு ப்ரொஃபைலையும் அதுவே வைத்து பில்ட் செய்யும். அன்ஷேர் முறையில் ரூட் அனுமதிகூட வேண்டாம்.

கூழாங்கல்:

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 24.04-இல் ஆர்ம்64 சேர்த்ததும் ஆப்ட் அப்டேட் 404 மழையாகப் பொழியும். ஏஎம்டி64 பேக்கேஜ்கள் ஆர்க்கைவ் சர்வரிலும் ஆர்ம்64 பேக்கேஜ்கள் போர்ட்ஸ் சர்வரிலும் இருப்பதால் அப்படி. சோர்ஸஸ் ஃபைலில் இருக்கும் பகுதிக்கு ஆர்க்கிடெக்சர்ஸ் என்ற வரியில் ஏஎம்டி64 என்று எழுதுங்கள், போர்ட்ஸுக்கு ஆர்ம்64 என்று தனிப் பகுதி சேருங்கள்.

டெபியன் சிட்டில் (எப்போதும் மாறிக்கொண்டிருக்கும் வளர்ச்சிப் பதிப்பு) வேறு தொல்லை: சேம் குறியுள்ள லைப்ரரி இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே பதிப்பாக இருந்தால்தான் இன்ஸ்டால் ஆகும். ஒரு ஆர்க்கிடெக்சர் பில்ட் முடிந்து மற்றது முடியாத இடைவெளியில் ஆப்ட் கையை விரித்துவிடும். சில மணி நேரம் காத்திருப்பதே வைத்தியம்.

அரைபைட்:

எஸ்பில்ட் அருமை. டிபெண்டன்சி எல்லாம் தாண்டிவிட்டது. இப்போது கான்ஃபிகர் நிற்கிறது: க்ராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை நிரலை ஓட்ட முடியாது என்கிறது.

நீலாம்பரி:

கான்ஃபிகரை உருவாக்கும் கருவி ஆட்டோகான்ஃப். அதன் சோதனைகள் இரண்டு விதம். கம்பைல் ஆகிறதா, லிங்க் ஆகிறதா என்று மட்டும் பார்ப்பவை க்ராஸில் பிரச்சினை தராது. நிரலை ஓட்டி விடையைப் பார்ப்பவை நிற்கும், ஏனென்றால் ஆர்ம்64 நிரலை லேப்டாப் ஓட்டாது. கான்ஃபிக்.லாக் ஃபைலைத் திறந்து, நின்ற இடத்துக்கு மேலே தேடினால் ஏசி_சிவி என்று தொடங்கும் ஒரு மாறி தெரியும். போர்டில் வந்திருக்கக்கூடிய விடையை அந்த மாறியில் வைத்து, டெபியன் ரூல்ஸ் ஃபைலில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் கான்ஃபிகர் சோதிக்காமல் அந்த விடையை எடுத்துக்கொள்ளும்.

கான்ஃபிகர் சத்தம் போட்டு நின்றால் கவலையில்லை. சத்தமில்லாமல் ஊகித்துக்கொண்டு மேலே போவதுதான் ஆபத்து. மெமரி ஒதுக்கும் லைப்ரரியான ஜெமாலாக் இதற்கு நல்ல உதாரணம். மெமரி பக்கத்தின் அளவை ஒரு சின்ன நிரலை ஓட்டிக் கண்டுபிடிக்கும் அதன் கான்ஃபிகர், க்ராஸ் என்றால் 12 என்று எடுத்துக்கொள்ளும். 2-இன் 12-ஆவது அடுக்கு, அதாவது 4 கேபி. பில்ட் ஜம்மென்று முடியும். ஆனால் ஆர்ம்64 கெர்னல்களில் பக்க அளவு 4, 16, 64 கேபி எதுவாகவும் இருக்கலாம். ராஸ்பெரி பை 5-க்கு ராஸ்பெரி பை ஓஎஸ் தரும் கெர்னலில் 16 கேபி. அங்கே இந்த ஜெமாலாக்கை இணைத்த நிரல் எதுவும் கிளம்பாது, இந்தப் பக்க அளவு ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு விழும். வித்-எல்ஜி-பேஜ் ஆப்ஷனில் 16 கொடுத்து 64 கேபி-க்கு பில்ட் செய்தால் அதைவிடச் சின்னப் பக்கங்களிலும் ஓடும்.

ஆகவே கான்ஃபிகர் முடிந்ததும் லாகில் க்ராஸ், கெஸ்ஸிங் என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு ஊகமும் போர்டுக்குப் பொருந்துமா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சும்மாஇரு:

க்யூஎமு-யூசரும் பின்எஃப்எம்டியும் லேப்டாப்பில் இருந்தால் இந்தச் சோதனை நிரல்கூட ஓடிவிடுமே. மாறி எதையும் வைக்க வேண்டாம்.

தறிக்காரன்:

ஓடாது, ஏனென்றால் க்ராஸ் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட கான்ஃபிகர் அந்தச் சோதனையை ஓட்டிப் பார்க்கவே பார்க்காது. இன்னொரு காரணத்துக்காகவும் க்ராஸ் பில்ட் செய்யும் மெஷினில் பின்எஃப்எம்டியை நான் அணைத்தே வைப்பேன். பில்டின் நடுவில் தப்பான பக்கத்து நிரல் ஒன்று ஓடினால் அது உடனே விழ வேண்டும். க்யூஎமு இருந்தால் அது கமுக்கமாக ஓடிவிடும், க்யூஎமு இல்லாத வேறொரு மெஷினில் அதே பேக்கேஜ் உடையும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஜிஆப்ஜெக்ட் இன்ட்ராஸ்பெக்ஷன் மாதிரி, விளைந்த லைப்ரரியை ஓட்டித்தான் தகவல் எடுக்க முடியும் என்ற இடங்களில் க்யூஎமு தேவைதான். அங்கே தெரிந்தே வைக்க வேண்டும்.

அரைபைட்:

நீங்கள் சொன்ன நிரல் வந்தேவிட்டது. கான்ஃபிகர் தாண்டி பாதி கம்பைல் ஆனதும் எக்ஸெக் ஃபார்மட் எரர். பார்த்தால் ஜென்டேப் என்று ஒரு சின்ன சி நிரல் முதலில் பில்ட் ஆகிறது, அது ஓடி ஒரு ஹெடர் ஃபைலை எழுதுகிறது, மற்ற ஃபைல்கள் அந்த ஹெடரைச் சேர்க்கின்றன. ஜென்டேப் ஆர்ம்64-க்கு கம்பைல் ஆகியிருக்கிறது.

நீலாம்பரி:

ஜென்டேப் லேப்டாப்பில் ஓட வேண்டிய கருவி, அதை லேப்டாப் கம்பைலரால் கட்ட வேண்டும். மேக்ஃபைலில் அது நோஇன்ஸ்ட்_ப்ரோக்ராம்ஸ் (கட்டப்படும், ஆனால் இன்ஸ்டால் ஆகாத நிரல்கள்) பட்டியலில் இருந்தால் ஆட்டோமேக் எப்போதும் சிசி மாறியைத்தான் எடுக்கும், க்ராஸில் அது ஆர்ம்64 கம்பைலர். ஜென்டேப்பை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, சிசி_ஃபார்_பில்ட் மாறியால் கம்பைல் செய்யும்படி கையால் ஒரு விதி எழுதுங்கள். அந்த மாறியைக் கண்டுபிடித்துத் தரும் மேக்ரோ ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவில் இருக்கிறது.

அதோடு ஜென்டேப்பின் சோர்ஸையும் திறந்து பாருங்கள். கான்ஃபிக்.ஹெச் ஃபைலைச் சேர்க்கிறதா? அது போர்டைப் பற்றிய தகவல், லேப்டாப்பைப் பற்றியது இல்லை. சைஸ்ஆஃப் வைத்து அட்டவணை எழுதுகிறதா? ஏஎம்டி64, ஆர்ம்64 இரண்டும் 64 பிட், லிட்டில் எண்டியன், லாங் 8 பைட். அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள். இதே பேக்கேஜை 32 பிட் ஆர்மான ஆர்ம்ஹெச்எஃப்-க்கு பில்ட் செய்தால் அங்கே லாங் 4 பைட், அட்டவணை தப்பாகிவிடும். லாங் டபுள் வந்தால் ஆர்ம்64-இலேயே மாட்டுவீர்கள்: ஏஎம்டி64-இல் அது 80 பிட் வடிவம், ஆர்ம்64-இல் 128 பிட்.

கூழாங்கல்:

ஹெல்ப்2மேன் பயன்படுத்தும் பேக்கேஜ்களிலும் இதே நோய்தான். புதிதாகக் கட்டிய நிரலை ஓட்டி, அது சொல்லும் உதவிக் குறிப்பிலிருந்து மேன் பக்கம் எழுதுகிறது. மேன் பக்கத்தை முன்கூட்டியே எழுதி சோர்ஸில் வைத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

இன்ஸ்டால் கட்டளைக்குச் சின்ன எஸ் கொடுத்திருக்கும் மேக்ஃபைல்களும் உடையும். அது லேப்டாப்பின் ஸ்ட்ரிப்பை (நிரலில் இருந்து டீபக் தகவலை நீக்கும் கருவி) கூப்பிடும், அந்த ஸ்ட்ரிப்புக்கு ஆர்ம்64 ஃபைல் புரியாது. எஸ்ஸை எடுத்துவிடுங்கள், டிஹெச்_ஸ்ட்ரிப் பின்னால் அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

வால்நட்சத்திரம்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இதே முறையில் ராஸ்பெரி பை ஜீரோ, பழைய முதல் மாடல், அதற்கு ஆர்ம்ஹெச்எஃப் கம்பைலரால் ஒரு நிரல் கட்டினேன். இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று விழுகிறது. ஆர்ம்வி6 என்று ஆப்ஷன் கொடுத்தும் அப்படியே.

தறிக்காரன்:

டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப் என்றால் ஆர்ம்வி7. பை ஜீரோவின் செயலி ஆர்ம்வி6. ராஸ்பெரி பைக்காக டெபியனிலிருந்து வந்த ராஸ்பியன் அதே ஆர்ம்ஹெச்எஃப் பெயரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆர்ம்வி6-க்குக் கட்டியது, குழப்பம் அங்கிருந்து வருகிறது. நீங்கள் கொடுத்த ஆப்ஷன் உங்கள் சோர்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும். டெபியன் கம்பைலரோடு வரும் லிப்ஜிசிசியும் நிரல் தொடங்கும்போது ஓடும் ஆப்ஜெக்ட் ஃபைல்களும் ஏற்கெனவே ஆர்ம்வி7-க்குக் கட்டப்பட்டவை, அவை உங்கள் நிரலுக்குள் வந்து சேர்ந்துவிடும். ஆர்ம்வி6-க்கென்றே கட்டிய டூல்செயின் வேண்டும். பில்ட்ரூட் என்ற கருவி கட்டித் தரும்.

பூச்சியம்பூச்சியம்:

கோ, ரஸ்ட்டில் எழுதினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே :)

நீலாம்பரி:

சுத்தமான கோ நிரல் என்றால் உண்மைதான், கோஆர்ச் மாறி ஒன்று போதும். சி லைப்ரரி ஒன்றை இழுத்தால் திரும்ப இதே இழையில் வந்து நிற்பீர்கள். க்ராஸ் என்றால் கோ தானாகவே சி கோடை இணைக்கும் சிகோவை அணைத்துவிடும், அந்த அம்சம் மட்டும் காணாமல் போகும். ரஸ்ட்டில் லிங்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பில்ட்.ஆர்எஸ் ஃபைலோ ஜென்டேப்பின் ஒன்றுவிட்ட தம்பி: அது லேப்டாப்பில் ஓடும், அதற்குள் டார்கெட் ஆர்ச் எது என்று சிஎஃப்ஜி மேக்ரோவிடம் கேட்டால் லேப்டாப்பைத்தான் சொல்லும். கார்கோ_சிஎஃப்ஜி_டார்கெட்_ஆர்ச் என்ற சூழல் மாறியைத்தான் பார்க்க வேண்டும்.

அரைபைட்:

பில்ட் முடிந்தது! ஜென்டேப்பில் சைஸ்ஆஃப் எதுவும் இல்லை, கான்ஃபிக்.ஹெச் மட்டும் இருந்தது, எடுத்துவிட்டேன். போர்டில் போடுவதற்கு முன் எதையாவது பார்க்க வேண்டுமா?

தறிக்காரன்:

டெப் ஃபைலைப் பிரித்து உள்ளே உள்ள நிரல்களை ஃபைல் கட்டளையால் பாருங்கள். எல்லாவற்றிலும் ஏஆர்ச்64 என்று வர வேண்டும். ஏதாவது ஒன்று எக்ஸ்86-64 என்று வந்தால் மேக்ஃபைலில் எங்கோ ஜிசிசி என்று நேரடியாக எழுதியிருக்கிறார்கள். பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் ஓட்டினால் அதுவும் இதைப் பிடித்துவிடும்.

அப்புறம் டெஸ்ட்களை நோசெக் என்று தள்ளிவைத்தோம் அல்லவா, அவற்றைப் போர்டில் ஓட்டிவிடுங்கள். ஆர்மில் வெறும் சார் என்பது அன்சைன்ட், எக்ஸ்86-இல் சைன்ட். கெட்சார் தருவதை சார் மாறியில் வாங்கி ஈஓஎஃப்-ஓடு ஒப்பிடும் பழைய கோட் லேப்டாப்பில் சரியாக முடியும், போர்டில் முடிவே இல்லாமல் சுற்றும். இது க்ராஸ் பில்டின் குற்றமில்லை, போர்டிலேயே கம்பைல் செய்திருந்தாலும் வரும்.

அரைபைட்:

எல்லாம் ஏஆர்ச்64. போர்டில் டெஸ்ட்களும் தேறின. கடைசியாக ஒன்று: ஆப்ட் அப்கிரேட் ஓட்டினால் என் பேக்கேஜ் போய் டெபியனின் பேக்கேஜ் வந்துவிடுமா?

கூழாங்கல்:

பதிப்பு எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த ஆபத்து உண்டு. சேஞ்ச்லாகில் பதிப்பு எண்ணை எழுதும் டிசிஹெச் கட்டளையில் லோக்கல் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. கூட்டல் குறியோடு, ஆங்கில அகரவரிசையில் டெப் என்பதற்கு முன்னால் வரும் ஒரு பெயர் (டெபியனின் திருத்தங்கள் கூட்டல் டெப் என்று வருவதால்) கொடுத்தால் பழைய எண்ணின் வாலில் அதை ஒட்டும், டெபியனின் தற்போதைய பதிப்பைவிடச் சற்று மேலே நிற்கும். டெபியன் அடுத்த பதிப்பைக் கொண்டுவந்தால் அது உங்களுடையதைத் தாண்டும். பாதுகாப்புத் திருத்தமாக இருந்தால் தாண்டுவதே நல்லது, அதன்மேல் பேட்ச்சைத் திரும்பப் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். எஸ்பில்ட் க்ரூட்டைக் கலைக்காமல் வைத்திருங்கள்.

உங்கள் சோர்ஸிலிருந்து லைப்ரரி பேக்கேஜும் வருகிறது என்றால் ஏஎம்டி64-க்கும் அதே எண்ணில் ஒன்று கட்டி வையுங்கள். நான் முன்னால் சொன்ன அதே பதிப்பு விதி இங்கேயும் உண்டு. உங்கள் ஆர்ம்64 லைப்ரரியை வைத்து வேறொரு பேக்கேஜை க்ராஸ் பில்ட் செய்யப் போனால், எண் பொருந்தாத ஏஎம்டி64 லைப்ரரியும் அந்த க்ரூட்டுக்குள் தேவைப்படும் பட்சத்தில் ஆப்ட் மறுத்துவிடும்.